செருப்புக் கல்யாணம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அப்பா, அம்மா மூணு பேரும் நல்லா இருக்கோம். அம்மாவோட முழங்கால் வலியும் நல்லாவே இருக்கு, அதுக்குத்தான் இந்த வீட்டுல ஒரு குறையும் இல்லை. உன் நலத்தை உன் கையெழுத்துல பார்த்தாத்தான் நம்புவேன். போன்ல கேட்டா நீ "நல்லா இருக்கேன்"ங்கறே, பின்னாடியே உன் மாமியார் "நல்லா இருக்கா"ங்கறாங்க. ஒரு கேள்விக்கு ரெண்டு குரல்ல பதில். அதனாலதான் நீ கடிதம் எழுதச் சொன்னதும் சரின்னுட்டேன். பரீட்சையைத் தவிர வேற எதுக்கும் நான் இவ்வளவு எழுதினதில்லை. பரீட்சையிலயும் இவ்வளவு எழுதினதில்லை.

நீ போனதும் உன் கட்டில் எனக்கு, உன் மேசை எனக்கு. உன் பங்குத் திட்டும் எனக்கே வந்து சேருது. அப்பா "படி, படி"ங்கறார். மாடிப்படியில உட்கார்ந்து புத்தகத்தை விரிச்சு வச்சிருக்கேன், இதுக்கு மேல எந்தப் படின்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தெருச் செய்தி: பேக்கரி அண்ணன் உன் கல்யாணக் கேக்குல உங்க பேரைவிடத் தன் கடைப் பேரைப் பெருசா எழுதிட்டார்னு இன்னும் பேச்சு. போட்டோவைப் பார்த்தா நீ பேக்கரியைக் கட்டிக்கிட்ட மாதிரிதான் இருக்கு.

அப்புறம் கடிகார மாமா விஷயம். அவர் உன் மாமியாரோட கூடப்பிறந்த அண்ணன், அதனால அங்கேயும் வந்திருக்கும். அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டையில்லையா, அதுக்குன்னு ஒரு பக்கம் மட்டும் அடியை உயர்த்தித் தைச்ச செருப்பு போடுவாரே. உன் கல்யாணத்தன்னைக்கு ஹால்ல மரத்தரைக்குப் புதுசா பாலிஷ் போட்டிருக்குன்னு எல்லாரையும் வாசல்லயே கழட்டி வைக்கச் சொன்னாங்க. திரும்பி வந்து பார்த்தா அந்த உயரச் செருப்பு மட்டும் காணோம். யாரோ குடுத்த தட்டைச் செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தவர், தன் கடை வாசல் சாக்கடைக் கல்லுல சறுக்கி விழுந்துட்டார். வலது மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. மணி பார்க்கிறவருக்கு மணிக்கட்டுல கட்டு. கடிகாரம் ரிப்பேர் கடை பூட்டிக் கிடக்கு.

பொத்தான்தான் எடுத்தானாம். எதிர்க்கடை தையலக்காவோட பையன், உன் கல்யாண உடுப்பு அளவெடுத்த அன்னைக்கு ஊசிப் பெட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டே இருந்தானே, அஞ்சு வயசு வாண்டு, அவன்தான். செருப்பைத் தூக்கிக்கிட்டு ஓடினதைச் சமையல்காரர் பார்த்தாராம். எங்கடா வச்சேன்னு கேட்டா வாயை இறுக்கி மூடிக்கிட்டுச் சிரிக்கிறானாம்.

(இந்த இடத்துல ரெண்டு வரி அடிச்சிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் படிக்காதே. பேனா சரியில்லை, அவ்வளவுதான்.)

வேளாவேளைக்குச் சாப்பிடு. அத்தானைக் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
உன் வாலு (நீளம் குறையவில்லை)


பிப்ரவரி 25

அன்புள்ள வாலுக்கு,

நானும் அவரும் சுகம். மாமியாருக்கு மட்டும் இருமல். அம்மா முழங்காலுக்குத் தைலத்தைத் தினமும் தேய்க்கணும், ஞாபகம் வந்தா மட்டும் தேய்க்கிறதுல பிரயோஜனமில்லை. அது உன் வேலை.

இந்த வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு இடம் இருக்கு. கரண்டிக்கு ஒரு ஆணி, கத்தரிக்கோலுக்கு ஒரு ஆணி. எனக்கு எந்த ஆணின்னுதான் இன்னும் பிடிபடலை. யாரும் கடுமையாப் பேசறதில்லை. மெதுவாத்தான் பேசறாங்க, அதனால ஒரு வார்த்தை விடாமக் காதுல விழுது.

நேத்து சாப்பிடும்போது மாமியார், "கால் சரியில்லாத மனுஷனோட செருப்பைப் போய் எடுக்கத் தோணுதுன்னா, என்ன வளர்ப்பு அது?"ன்னாங்க. "அண்ணனுக்குத் தெரிஞ்சது அந்தக் கை வேலை ஒன்னுதான். உங்க தெருதானே, உனக்கு அந்தம்மாவைத் தெரியுமா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நல்லாத் தைப்பாங்கன்னு சொன்னேன். அப்புறம் ரசம் எடுக்க உள்ளே போயிட்டேன்.

உன் மணிக்கட்டு ஜோக்குக்கு நான் சிரிக்கலை. எழுதும்போது நீயும் சிரிச்சிருக்க மாட்டே.

அன்னைக்குப் பிள்ளைங்களை நீதானே பார்த்துக்கிட்டே? கேக்கு எப்படி, போட்டோ எப்படின்னு எல்லாம் எழுதினே. அவங்களுக்கு என்ன விளையாட்டு வச்சேன்னு மட்டும் எழுதலையே.

அப்பா வெயில்ல அலையாம பார்த்துக்கோ.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் முழங்கால் மாதிரி ஆயிட்டு வருது. உன் மாமியார் இருமல் குறைஞ்சுதா?

என்ன விளையாட்டுன்னு கேட்டிருந்தே. சும்மா, கண்ணாமூச்சி, பலூன் உடைக்கிறது, அந்த மாதிரி. ஏழு வாண்டுங்களை ஒரே இடத்துல வைக்கிறதும் ஏழு தவளையைத் தராசுல நிறுக்கறதும் ஒன்னு. ஒன்னை எடுத்து வச்சா இன்னொன்னு குதிச்சிடும். உனக்கே தெரியும், விடு.

பேக்கரி அண்ணன் பொண்ணுக்குப் போன வாரம் பிறந்தநாள். தெருவுல இருக்கிற சின்னப் பசங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க, பொத்தானைத் தவிர. கூப்பிடலைன்னு அவனுக்குப் புரியலை. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு, தலையைத் தண்ணியில படிய வாரிக்கிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்னான். அண்ணி ஒரு துண்டு கேக்கைக் காகிதத்துல வச்சு கேட்டு இடுக்கு வழியா நீட்டி, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு கண்ணா, உள்ளே செருப்பு நிறைய இருக்கு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான், அது ஜோக்குன்னு நினைச்சு.

அப்பா தெருச் சங்கச் செயலாளர் இல்லையா, அதனால தையலக்கா கடைக்குப் போய் "பையனைக் கொஞ்சம் கட்டுப்பாட்டுல வைங்கம்மா, பெரிய இடத்துச் சம்பந்தத்துல தலைகுனிவாப் போச்சு"ன்னு சொல்லிட்டு வந்திருக்கார். தையலக்கா தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டாங்களாம். அப்பா போனதும் அவனை அடிச்சாங்க. நம்ம ஜன்னல்லேருந்து தெரியும்.

மறுநாள் பால் வாங்கப் போறப்ப அவன் ஓடி வந்து என் பாவாடையைப் பிடிச்சு இழுத்தான். குனிஞ்சேன். காதுல, "நான் சொல்லவே இல்ல"ன்னான். வாய்மேல விரலை வச்சுக் காட்டிட்டு ஓடிட்டான்.

சின்னப் பசங்க இப்படி ஏதாவது செய்வாங்க.

அக்கா, உன்கிட்ட ஒன்னு கேட்கணும். அடுத்த கடிதத்துல கேட்கறேன்.

இப்படிக்கு,
வாலு


மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் சுகம், இருமலும் தேவலை. அம்மாவைப் படி ஏற விடாதே.

இதோடு ஒரு பார்சல் வருது. அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை. உனக்கு ஒரு பேனா, அந்தப் பழைய பேனா வரியெல்லாம் அடிக்குதே, அதனால. கலர் பென்சில் பெட்டி பொத்தானுக்கு. யார் குடுத்ததுன்னு சொல்லாதே. தையலக்கா கேட்டா கடையில இலவசமாக் குடுத்தாங்கன்னு சொல்லிடு.

அடுத்த கடிதத்துல கேட்கறேன்னு எழுதினியே. நீ கேட்கலாம். பதில் என்கிட்ட இருக்குமான்னு தெரியலை.

வேலை நிறைய. நிறுத்திக்கறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுல எல்லாரும் சுகம். நான் எப்படின்னு நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ.

கண்ணாமூச்சி இல்லை. செருப்புக் கல்யாணம்.

வாசல்ல அவ்வளவு செருப்பு வரிசையா நின்னுது. வாண்டுங்க ஏழும் அழ ஆரம்பிச்சிருந்தது, ஒன்னுக்குப் பசி, ஒன்னுக்கு ஒன்னுக்கு. உள்ளே மைக்குல யாரோ வாழ்த்திக்கிட்டே இருந்தார், முடிக்கிற மாதிரி தெரியலை. எனக்குத் திடீர்னு தோணுச்சு. "இன்னைக்கு அக்காவுக்கு மட்டும்தான் கல்யாணமா? இதுங்களுக்கும் பண்ணி வைப்போம்"னேன். ஒரு இடது செருப்புக்கு வேற ஜோடியிலேருந்து ஒரு வலது செருப்பு. பாட்டா செருப்புக்குப் பளபள குதிகால் பொண்ணு. போலீஸ் பூட்ஸுக்கு ரோஜாப்பூ வச்ச சின்னச் செருப்பு. அக்கா, அந்தப் பசங்க சிரிச்ச சிரிப்பை நீ பார்த்திருக்கணும். ஒருத்தன்கூட ஒன்னுக்குன்னு கேட்கலை.

கடிகார மாமாவோட உயரச் செருப்பைப் பார்த்ததும், "இவர்தான் ராஜா மாப்பிள்ளை, ஒளிஞ்சிருக்கார், இவரை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது"ன்னு பொத்தான்கிட்ட குடுத்தேன். ஏன்னா அவன்தான் ஒளிச்சு வைக்கிறதுல கெட்டிக்காரன். "யார் கேட்டாலும் சொல்லாதே. சொன்னா நீ அவுட். நான் ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொன்னாத்தான் முடியும்"னேன். அவன் சமையல்கட்டுப் பக்கம் காலி ஜூஸ் பாட்டில் பெட்டியில வச்சுட்டு வந்து என்கிட்ட மட்டும் சொன்னான்.

அப்போ போட்டோவுக்குக் கூப்பிட்டாங்க. போனேன். அப்புறம் சாப்பாடு, அப்புறம் நீ கிளம்பறே, அம்மா அழறாங்க. மத்த செருப்பெல்லாம் ஜோடி மாறியிருந்ததைப் பார்த்து எல்லாரும் சிரிச்சுக்கிட்டே தேடி எடுத்துக்கிட்டாங்க. நான் பெட்டியைப் பார்க்க ஓடினப்போ காலிப் பெட்டியெல்லாம் வேன்ல போயிருந்துச்சு. கடிகார மாமா ஒத்தைச் செருப்போட வாசல்ல நின்னார். அப்பவே சொல்லியிருக்கலாம். ஜூஸ்காரருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிருக்கும். அப்பா என் பக்கம் திரும்பி, "இதுல உன் கைவரிசை ஏதாவது உண்டா?"ன்னார். இல்லைன்னேன். அதுக்குள்ள சமையல்காரர் பொத்தானைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வேற பக்கம் பார்த்தேன். அவன் அதையும் ஆட்டம்னு நினைச்சுக்கிட்டான்.

இன்னும் விளையாடிக்கிட்டு இருக்கான் அக்கா. அடிக்கிறாங்க, திட்டறாங்க, யாரும் சேர்த்துக்கறதில்லை. ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்.

இப்போ தையலக்கா, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவனை அவனோட பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிடப் போறாங்க. லீவுக்கு இல்லை, அங்கேயே படிக்கிறதுக்கு. "ஒத்தையில என்னால இவனை அடக்க முடியலை"ன்னு அம்மாகிட்ட வந்து சொல்லிட்டுப் போனாங்க. அவங்களுக்கு அவனை விட்டா யாரும் இல்லை.

சொன்னா அப்பா தெருவுல எப்படித் தலைநிமிர்வார்? அவர்தானே போய்த் தையலக்காவைப் பேசினார். உன் மாமியார் வீட்டுல, "இவ தங்கச்சி பண்ணின வேலை"ன்னு உன்னைச் சொல்வாங்க. உனக்கு இன்னும் ஆணியே கிடைக்கலை. அதனால நீ சொல்லு. சொல்லட்டுமா, வேண்டாமா? நீ சொல்றபடி செய்யறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. சீக்கிரம் எழுது.

வாலு


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சுகம். நீ சுகமா? உன் கடிதம் வரலை. தபால்காரரை மடக்கிக் கேட்டேன், "எழுதாத கடிதத்தை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"ன்னார். போன்ல அம்மா பேசினப்போ நீ நல்லா இருக்கேன்னு சொன்னியாம். என்னைக் கேட்கவே இல்லையாம்.

பென்சிலைப் பொத்தானுக்குக் குடுத்தேன். கடையில இலவசமாக் குடுத்தாங்கன்னுதான் சொன்னேன். ஏன் உன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு இப்பத்தான் யோசிக்கறேன்.

தையலக்கா அவனுக்குப் புதுச் சட்டைகளாத் தைக்கறாங்க. எல்லாம் ஒரு அளவு பெருசு, அங்கே போய் வளர்றதுக்கு.

எழுது அக்கா. ஒரு வரி போதும்.

வாலு


மே 6

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தான். அம்மா, அப்பாவைக் கேட்டதாச் சொல். உன்னைப் போன்ல கேட்காததுக்குக் காரணம், கேட்டா குரல் காட்டிக் குடுத்துடும்.

உன் கடிதம் வந்த அன்னைக்கே பதில் எழுதினேன். "சொல்லாதே, நாளானா எல்லாரும் மறந்துடுவாங்க"ன்னு எழுதினேன். உறையில போட்டு ஒட்டியும் விட்டேன். அப்புறம் கிழிச்சேன். மறுபடி அதையே வேற வார்த்தையில எழுதினேன், அதையும் கிழிச்சேன். அதுக்குத்தான் இவ்வளவு நாள்.

நான் பார்த்தேன். அலங்கார அறை ஜன்னல் அந்த வாசல் பக்கம்தான். நீ குந்தி உட்கார்ந்து அந்த உயரச் செருப்பைப் பொத்தான் கையில குடுத்துக் காதுல ஏதோ சொன்னே. நான் சிரிச்சேன். தலை வாரிவிட்டவங்க "என்னம்மா சிரிப்பு"ன்னு கேட்டதுக்கு ஒன்னுமில்லைன்னேன். காலையிலேயே உன்கிட்ட "அந்த வாண்டுங்க சத்தம் என் காதுல விழக் கூடாது, என்ன வேணாப் பண்ணிக்கோ"ன்னு சொன்னதும் நான்தான். நீ அதை எழுதலை. என்னை விட்டுக்குடுக்கலைன்னு புரியுது.

கார்ல ஏறினதும் மாமியார், "அண்ணன் செருப்பைக் காணோமாம், யாராவது பார்த்தீங்களா?"ன்னு கேட்டாங்க. என் தங்கச்சியைக் கேளுங்கன்னு கண்ணாடியை இறக்கிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? புது வீட்டுக்குப் போற முதல் நாளே என் தங்கச்சியைப் பத்திப் பேச்சு வரணுமான்னு நினைச்சேன். எப்படியும் கிடைச்சிடும்னும் நினைச்சேன். கார் கிளம்பிடுச்சு.

அதனால என்கிட்ட அனுமதி கேட்காதே. நான் குடுத்தா அது எனக்கு வசதியான பதிலாத்தான் இருக்கும். என் ஆணியைப் பத்தி நீ கவலைப்பட வேண்டாம்.

அவன் எப்போ கிளம்பறான்?

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம், அப்பா பேசறதில்லை, நான் இருக்கேன். உனக்கும் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்னுமில்லையே?

சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை நம்ம முன்னறையில சங்கக் கூட்டம். தெருவிளக்கு எரியலைங்கறதைப் பத்தி விளக்குப் போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. பேக்கரி அண்ணன், கடிகார மாமா, இன்னும் ரெண்டு மூணு பேர். மாமா கட்டைப் பிரிச்சாச்சு, ஆனா டீக் கோப்பையை இடது கையாலதான் எடுத்தார். தையலக்கா பொத்தானைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. புதுப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு, தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். அப்பா பேனா மூடியைக் கழட்டினார். நான் டீத் தட்டைக் கீழே வச்சேன்.

"அப்பா, போடாதீங்க."

"எதை?"

"கையெழுத்தை. அந்தச் செருப்பை எடுக்கச் சொன்னது நான்தான்."

அப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "போய் உன் வேலையைப் பாரு. எல்லாத்துலயும் உனக்கு விளையாட்டு."

பேக்கரி அண்ணன் சிரிச்சார். "அண்ணே, இவ போன வருஷம் என் கடையில தீ பிடிச்சிருக்குன்னு சொல்லி என்னை லுங்கியோட ஓட விட்டவ. இன்னைக்கு யாரை ஓட விடப் போறாளோ."

எத்தனை பொய் சொல்லியிருக்கேன், எல்லாத்தையும் நம்பினாங்க. இதை நம்ப ஆள் இல்லை. நான் முழுசாச் சொன்னேன், ஜூஸ் பெட்டி வரைக்கும். எல்லாரும் சந்தேகமாப் பார்த்தாங்க. அப்போ தையலக்கா புடவைக்குப் பின்னாடியிருந்து பொத்தான் தலையை நீட்டினான்.

"வாலக்கா பொய் சொல்றா. நானேதான் எடுத்தேன்."

"பாரு, பிள்ளையே ஒத்துக்கறான்"னார் பேக்கரி அண்ணன்.

அக்கா, அவன் எனக்காகச் சொல்றான். நான் சொல்லி அவுட் ஆயிடக் கூடாதுன்னு. கண்ணை உருட்டி உருட்டி என்கிட்ட "பேசாதே"ன்னு காட்டறான்.

நான் அவன் முன்னாடி மண்டி போட்டு உட்கார்ந்தேன். "பொத்தான், ஆட்டம் முடிஞ்சுது."

"நிஜமா?"

"நிஜமா. இனிமே சொல்லலாம்."

"நான் யார்கிட்டயும் சொல்லலையே. நான் ஜெயிச்சேனா?"

"நீதான் ஜெயிச்சே."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னான். ராஜா மாப்பிள்ளை, பாட்டில் பெட்டி, போலீஸ் பூட்ஸ் பொண்டாட்டி, எல்லாம் மூச்சு விடாம. சொல்லி முடிச்சு, சுத்தி எல்லார் முகத்தையும் பார்த்தான். யாரும் கைதட்டலை. அப்பத்தான் அழுதான். அவன் அம்மா அடிச்சப்போ அழாதவன், கேட்டுக்கு வெளியே நின்னப்போ அழாதவன்.

தையலக்கா அவனைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நின்னேன். "எதிர்லதானே இருக்கே"ன்னாங்க. "தினம் அந்த ஜன்னல்ல உன்னைப் பார்ப்பேனே. நான் இவனை அடிச்ச அன்னைக்கும் நின்னியே."

நின்னேன்தான்.

கடிகார மாமா எழுந்தார். என்கிட்ட வரலை. தையலக்காகிட்ட போய், "உன் பையனை நடுத்தெருவுல வச்சுத் திருட்டுப் பயலேன்னு கூப்பிட்டேன்மா. நாளைக்கு அதே இடத்துல வச்சு இல்லைன்னு சொல்றேன்"னார். காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து போனார். புதுச் செருப்பு இன்னும் சரியா அமையலை.

அப்பா அந்தக் காகிதத்தை நாலா மடிச்சு, தையலக்காகிட்ட ரெண்டு கையாலயும் குடுத்தார். "நான் வந்து உங்களைப் பேசினது தப்பு"ன்னார். இதுக்கு முன்னாடி அப்பா யார்கிட்டயும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுலேருந்து என்னைத் திட்டவும் இல்லை. திட்டாத அப்பாவோட எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியலை.

நீ பார்த்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை. அது உன்னோடது.

உன் தங்கை


ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்னுமில்லை. அப்பா பேச ஆரம்பிச்சிருப்பார்னு நினைக்கிறேன். இல்லைன்னா நீயே போய்ப் பேசு, காத்திருக்காதே.

நானும் சொன்னேன். சாப்பாட்டு மேசையிலதான், வேற எங்கே. மாமியார், "பாவம் அந்தக் குழந்தை, உன் தங்கச்சி இப்படியா பண்ணுவா"ன்னு ஆரம்பிச்சாங்க. "அவ மட்டும் இல்லை, நானும் பார்த்தேன்"னேன்.

மாமியார் பிசைஞ்ச சோத்தைத் தட்டுலயே விட்டாங்க.

"அப்போ கார்ல நான் கேட்டப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அண்ணன் அப்போ நடக்க ஆரம்பிச்சிருக்க மாட்டாரு" அப்படின்னாங்க. குரல் உயரலை. தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. எனக்கும் அதுதான் கணக்கு. கண்ணாடியை இறக்கியிருந்தா அவர் விழுந்திருக்க மாட்டார்.

உன் அத்தான், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே"ன்னார். சொல்லியிருக்கலாம். மாமியார் இப்போ என்கிட்ட உப்பு, துணி, தண்ணி மோட்டார் இதைப் பத்தி மட்டும் பேசறாங்க. அது மாறும், மாறாமலும் போகலாம். ஆனா தூக்கம் வருது.

பொத்தான் போயிட்டானா, இருக்கானா? நீ அதை எழுதலை.

அம்மா முழங்காலுக்குத் தைலம் அனுப்பறேன்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்துச்சு. அம்மா முழங்கால் உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னது. அப்பா பேச ஆரம்பிச்சாச்சு, "படி"ன்னு ஒரே ஒரு வார்த்தை. மாடிப்படிக்குப் போகாம மேசைக்கே போனேன். உன் மாமியார் உப்பு தாண்டி வேற ஏதாவது பேசறாங்களா? இருமலைக் கேட்டதாச் சொல்லு, சொல்ல முடிஞ்சா.

பொத்தான் போகலை. சட்டைங்க மட்டும் பெருசாக் கிடக்கு, கையை ரெண்டு மடிப்பு மடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறான். கடிகார மாமா சொன்ன மாதிரியே மறுநாள் நடுத்தெருவுல நின்னு சொன்னார். பேக்கரி அண்ணி ஒரு முழுக் கேக்கைக் குடுத்தனுப்பினாங்க, தையலக்கா அதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வாண்டுங்களுக்கு அதெல்லாம் கிடையாது. அன்னைக்குச் சாயங்காலமே அவனைச் சேர்த்துக்கிட்டாங்க.

மாமா கடை திறந்தாச்சு. கட்டைவிரல் முழுசா மடங்கலை, சின்ன ஸ்க்ரூ எல்லாம் நழுவி விழுது. நான் போய், "சாயங்காலம் வந்து பொறுக்கிக் குடுக்கட்டுமா மாமா?"ன்னு கேட்டேன். "வேண்டாம்மா. இங்கே சின்னச் சின்னச் சாமான் நிறைய இருக்கு, காணாமப் போகும்"னார். என் மாதிரியே ஜோக் அடிக்கிறார். நான் சிரிக்கலை, அவரும் சிரிக்கலை.

நேத்துப் பொத்தான் நம்ம வாசல்ல வந்து நின்னான். நாலு மாசமா நான் கூப்பிட்டா ஓடி வந்தவன், இப்போ கூப்பிட்டும் படியேறலை. விளையாடலாமான்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சான்.

"எப்போ முடியும்? முதல்ல அதைச் சொல்லு."

அஞ்சு வயசுப் பிள்ளை அதையா கேட்கும் அக்கா? என்ன ஆட்டம்னுதானே கேட்கும். நான்தான் கத்துக்குடுத்திருக்கேன்.

"உங்கம்மா கூப்பிட்டா முடிஞ்சுது"ன்னேன். அதுவும் அவனுக்குப் போதலை. ரோட்டைத் தாண்டி ஓடி, "அம்மா, நீ எப்போ கூப்பிடுவே?"ன்னு கேட்டான். தையலக்கா மெஷினை நிறுத்தினாங்க. அவனைப் பார்த்தாங்க, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிற என்னைப் பார்த்தாங்க. வேண்டாம்னு சொல்லிடுவாங்கன்னுதான் நினைச்சேன்.

"இந்தச் சட்டை முடிஞ்சதும்"னாங்க.

அவன் ஓடி வந்தான். நம்ம வாசல்லயே, அவங்க கண்ணு படற இடத்துலயே, கோடு போட்டு ஒத்தைக் காலால தாண்ட ஆரம்பிச்சோம். எதிர்ல மெஷின் ஓடிச்சு. தையலக்கா அவ்வளவு வேகமா ஒரு சட்டை தைச்சு நான் பார்த்ததே இல்லை அக்கா.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தங்கை